சுதிகெட்ட வீரம்மா

வீரம்மாவுக்குப் பாட்டு வராது. வராது என்பது அவளுக்கும் தெரியும், அவளோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டிய அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் காலையில் தனக்கு விட்ட மர வரிசையான நிரைக்குள் நுழைந்து முதல் மரத்தில் கத்தியை வைத்ததும் பாட ஆரம்பித்துவிடுவாள். காட்டுக்குள் தனியாக நிற்கிற பயம் தெரியாமல் இருக்கப் பலரும் பாடுவார்கள். வீரம்மா பாடினால் புலியே திரும்பி ஓடிவிடும் என்பான் பிச்சைமுத்து. அவளுடைய புருஷன் அவன்.

சேலம் பக்கத்திலிருந்து இருவரும் 1919-இல் கப்பல் ஏறி வந்தவர்கள். ஈப்போவுக்கு அருகே, லகாட்டிலிருந்து மேற்கே நாலு கல் தள்ளி இருந்த அந்தத் தோட்டத்தில், பள்ளத்து லயம் என்ற கூலி வீட்டு வரிசையில் கடைசி வீடு அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. பிள்ளை இல்லை. இரண்டு முறை தரித்து இரண்டும் தங்கவில்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. மற்ற எல்லாவற்றைப் பற்றியும் பேசுவாள், உரக்கவே பேசுவாள்.

அவளுக்குப் பட்டப்பெயர் வந்த விதம் இது. வெள்ளிக்கிழமை மாலைகளில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பஜனை நடக்கும். அர்ச்சுனன் என்பவன் ஆர்மோனியம் வாசிப்பான். பகலில் ரப்பர் ஸ்டோரில் வேலை, வெள்ளிக்கிழமை மட்டும் அவன்தான் ராஜா. 1923-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அவன் ஓரடி பாட, பெண்கள் திருப்பிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அர்ச்சுனன் சட்டென்று துருத்தியை நிறுத்தினான்.

"யாரது? சுதிகெட்ட குரல் ஒண்ணு தனியா எங்கியோ போவுது?"

வீரம்மா கையைத் தூக்கினாள். "நாந்தாண்ணே. அது எங்க போவுதுன்னு எனக்கே தெரியாது. நீங்க வாசிங்க, அது போற வழியில போவட்டும்."

கோயிலே சிரித்தது. பூசாரிகூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில், பேர் கூப்பிடும் நேரத்தில், யாரோ ஒருத்தி "சுதிகெட்ட வீரம்மா வந்தாச்சா?" என்று கேட்டாள். "வந்தாச்சு, வந்தாச்சு" என்றாள் வீரம்மா. அதோடு அது நிலைத்துவிட்டது.

அந்தச் சொல்லுக்கு அந்த வருஷம் நல்ல ஓட்டம். தோட்டத்துக்குப் புதுச் சொல் அடிக்கடி வராது. வந்தால் எல்லாரும் எடுத்துப் புழங்கிப் பார்ப்பார்கள். முனை மழுங்கிய கத்தி சுதிகெட்ட கத்தியானது. பால் வாளி நிறையும் நேரம் பார்த்துக் கொட்டுகிற மழை சுதிகெட்ட மழை. கீச்சிட்டுக்கொண்டு வருகிற பால் வண்டி, உப்புக் கூடிய குழம்பு, இடது காலில் பெரிதும் வலது காலில் சிறிதுமாகப் பாசாரில் வாங்கிய செருப்பு, எல்லாம் சுதிகெட்டவை. எதுவும் தன் இடத்தில் சரியாக உட்காரவில்லை என்றால் அதற்கு அந்தச் சொல் போதும். அதில் விஷம் இல்லை. வீரம்மாவே சொல்லிச் சிரிப்பாள்.

விஷம் பிறகு வந்து சேர்ந்தது. அப்பாவு கங்காணி ஒரு நாள் பெரட்டுக் களத்தில், காய்ச்சலோடு வந்து நின்ற ஒரு பெண்ணைப் பிரம்பால் தள்ளினார். வீரம்மா வரிசையைவிட்டு முன்னால் வந்தாள்.

"கங்காணி, அவ உடம்பு அனலா கொதிக்குது. நீங்க ஒரு நா இப்படி இருந்து பாருங்க, மரம் வெட்டுவீங்களான்னு."

கங்காணி அவளைப் பார்க்கவே இல்லை. மற்றவர்களைப் பார்த்து, "சுதிகெட்டவ பேச்சையெல்லாம் எவன் கேப்பான்? போங்க, போங்க நெரைக்கு" என்றார். சிலர் சிரித்தார்கள். கோயிலில் சிரித்த சிரிப்பு இல்லை அது. வீரம்மாவுக்கு அந்த வித்தியாசம் புரிந்தது. ஆனால் என்ன சொல்லிச் சண்டை போடுவது? அவளே ஏற்றுக்கொண்ட பெயர்தானே.

அதற்குப் பிறகு அவள் எதைச் சொன்னாலும் பதில் தயாராக இருந்தது. லயத்துக் கூரை ஒழுகுகிறது என்றால், சுதிகெட்டவள் சொல்கிறாள். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகள் ஈரத் தரையில் கிடக்கின்றன என்றால், அவளுக்குப் பிள்ளை ஏது, சுதிகெட்டவள். சொல் அதேதான். ஆனால் இப்போது அது பாட்டைப் பற்றியது இல்லை.

1925-இல் பள்ளத்து லயத்தில் தண்ணீர் கெட்டது. மேட்டில் இருந்த ஸ்டோரில் பாலை உறையவைக்கத் திராவகம் ஊற்றுவார்கள். அந்தக் கழிவுத் தண்ணீர் முன்பு வேறு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. புதுக் கட்டடம் கட்டியபோது வாய்க்காலைத் திருப்பிவிட்டார்கள். திருப்பிய வாய்க்கால் வந்து விழுந்த ஓடையில்தான் பள்ளத்து லயம் குடிக்கத் தண்ணீர் மொண்டது. குடத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் அழுகின முட்டை வாடை அடிக்கும். பெரியவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு காய்ச்சிக் குடித்தார்கள். பிள்ளைகள் வேண்டிய நேரத்தில் ஓடையிலேயே குனிந்து குடித்தன.

பக்கத்து வீட்டு மங்களத்துக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்பது நாளுக்குள் இரண்டும் வயிற்றுப்போக்கில் போய்விட்டன. இரண்டாவது பிள்ளையைக் கழுவிக் கிடத்தும்போது வீரம்மாதான் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையின் கை எவ்வளவு லேசாக இருந்தது என்பதை அவள் பிறகு பல பேரிடம் சொல்லப் பார்த்து, சொல்ல வராமல் விட்டிருக்கிறாள். மங்களம் அழவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

வீரம்மா ஒரு போத்தலில் ஓடைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். ஆபீசுக் கணக்கரான பெரிய கிராணி வாசலிலேயே நிறுத்திவிட்டார். வாய்க்காலைத் திருப்பச் சொல்லிக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான்.

"தண்ணி நாறுதுங்க ஐயா. மோந்து பாருங்க."

"எனக்கு நாறல."

"மூடியத் தொறந்தாத்தானே நாறும்."

"இந்தா, பெரிய தொரை காதுல விழுந்தா உன்னையும் உன் புருஷனையும் இன்னிக்கே வெளியே போடுவாரு. போ, போய் வேலையப் பாரு."

அவள் போத்தலைப் படிக்கட்டில் வைத்துவிட்டு வந்தாள். அரசாங்கத்து துரை ஒருவர் வருஷத்துக்கொரு முறை தோட்டங்களைப் பார்க்க வருவார், ஆட்களின் குறை கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். அவர் வரட்டும் என்று காத்திருந்தாள்.

மூன்று வாரம் கழித்து அவர் வந்தார். இளம் வயசு, வெயிலில் சிவந்த கழுத்து. தமிழ் படித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, "தண்ணி... நல்லாவா? அரிசி... நல்லாவா?" என்று கேட்டுக்கொண்டு வரிசையைக் கடந்தார். எல்லாரும் "நல்லா இருக்குங்க தொரை" என்றார்கள். தோட்டத்துப் பெரிய துரை ஒரு பக்கம், பெரிய கிராணி ஒரு பக்கம் நின்றார்கள். அப்படி நிற்கும்போது வேறு எப்படிச் சொல்வது?

வீரம்மாவின் முன்னால் வந்தார். "தண்ணி நல்லாவா?"

"நல்லால்லீங்க தொரை. ஸ்டோர் தண்ணி ஓடையில கலக்குது. குடிச்ச புள்ளைங்க சாவுது. இதோ நிக்கிறாளே மங்களம், இவ ரெண்டு புள்ளையையும் பறிகொடுத்தவ. ஒம்போது நாள்ல ரெண்டு. வாங்க, ரெண்டு எட்டுதான், வந்து பாருங்க, நானே காட்டுறேன்..." அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். வாரக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தது. குரல் ஏறிக்கொண்டே போனது. துரையின் கையைப் பிடித்து இழுக்கவும் போனாள்.

அவர் ஓரடி பின்வாங்கினார். அவ்வளவு வேகத் தமிழ் அவருக்குப் பிடிபடவில்லை. பெரிய கிராணியைத் திரும்பிப் பார்த்தார்.

பெரிய கிராணி இங்கிலீஷில் பேசினார். நெற்றியை ஒரு விரலால் தொட்டுக் காட்டினார். பேச்சுக்கு நடுவே "சுதிகெட்ட" என்ற தமிழ்ச் சொல்லை மட்டும் தெளிவாகச் சொன்னார். தோட்டம் முழுக்க அவளை அப்படித்தான் அழைக்கிறார்கள், அறிவு பேதலித்தவள் என்பது அதற்கு அர்த்தம், பிள்ளை தங்காமல் போனதிலிருந்து இப்படி, என்று துரைக்கு அர்த்தம் சொன்னார்.

அந்த துரை கெட்டவர் இல்லை. ஒருவர் சொன்னதை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று நினைக்கிறவர். அதனால் தானே விசாரித்தார். முதலில் அர்ச்சுனனிடம் போனார். வீரம்மாவைக் காட்டி, "இவள்... சுதிகெட்ட?" என்றார்.

துரை வாயில் அந்தச் சொல் வந்ததும் அர்ச்சுனனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமாங்க தொரை. நாந்தான் மொதல்ல கண்டுபிடிச்சேன்."

பிறகு மங்களம். "இவள் சுதிகெட்ட?" மங்களம் தரையைப் பார்த்தபடியே, "ஆமாங்க, எல்லாரும் அப்படித்தான் கூப்புடுவாங்க" என்றாள்.

பிறகு பிச்சைமுத்து. அவனைக் கேட்கும்போது துரை குரலைத் தணித்துக்கொண்டார். பிச்சைமுத்து முண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு பெரிய கிராணியைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். "ஆமாங்க" என்றான்.

மூன்று பேர். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. துரை தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். போகும்போது வீரம்மாவைப் பார்த்து இரக்கத்தோடு தலையசைத்தார். தான் சொன்னது அவர் மனசில் பட்டுவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். மங்களத்தின் தோளைப் பிடித்து, "பாத்தியா, எழுதிக்கிட்டாரு" என்றாள்.

எட்டாம் நாள் ஒரு மோட்டார் வண்டி வந்தது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசரும் ஒரு போலீஸ்காரரும் இருந்தார்கள். "ஈப்போவுக்குப் போலாம், வீரம்மா. பெரிய எடத்துல உன் பேச்சைக் கேக்கணுமாம்" என்றார் டிரெசர். அவள் சந்தேகப்படவில்லை. பெட்டியிலிருந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டினாள். தலைக்கு எண்ணெய் தடவிப் படிய வாரினாள். பிச்சைமுத்து நிரையில் இருந்தான். அவனிடம் சொல்லும்படி மங்களத்திடம் சொல்லிவிட்டு ஏறினாள். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். வாய்க்கால் திரும்பின மாசம், முதல் பிள்ளை போன நாள், இரண்டாவது போன நாள்.

ஈப்போவில் கோர்ட்டுக் கட்டடத்தில் அவளை நிறுத்தினார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரர் காகிதத்தைப் பார்த்தார். வீரம்மா அடுக்கி வைத்திருந்ததை எல்லாம் உரத்த குரலில் சொன்னாள். தண்ணீர், தண்ணீர் என்று கையால் காட்டினாள். அவர் காகிதத்தை மறுபடி பார்த்தார். அதில் எழுதியிருந்தபடியேதான் அவள் நடந்துகொண்டாள். கையெழுத்துப் போட்டார்.

வண்டி அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம் போய், உயரமான ஒரு இரும்புக் கதவுக்குள் நுழைந்தது. உள்ளே மொட்டைத் தலையோடு ஒரு பெண் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தாள். வீரம்மா டிரெசரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் முதல் மூன்று மாசம் அவள் தண்ணீரைப் பற்றியே பேசினாள். வருகிற போகிற எல்லாரிடமும் பேசினாள். பேசப் பேச அது ஏட்டில் ஏறியது. பிறகு பேச்சை நிறுத்தினாள். அதுவும் ஏட்டில் ஏறியது. யாரும் அவளை அடிக்கவில்லை, வையவில்லை. வேளைக்குச் சோறு வந்தது. எதைச் செய்தாலும் அதற்கு ஒரே அர்த்தம் இருக்கிற இடத்தில் எப்படி இருப்பது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

பெண்கள் பகுதியில் நவமணி என்று ஒரு தாதி இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண், இங்கிலீஷ் படித்தவள். துணி மடிக்கும் வேலையில் வீரம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வாள். ஒரு நாள் மடித்துக்கொண்டே கேட்டாள்.

"உனக்கு என்ன பண்ணுதுன்னு இங்க கொண்டுவந்தாங்க, வீரம்மா?"

"தெரியலக்கா. காயிதத்துல என்ன எழுதியிருக்குன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

நவமணி பார்த்துவிட்டு மறுநாள் வந்தாள். சொல்லத் தயங்கினாள். "உனக்குச் சித்தம் கெட்டுப்போச்சுன்னு போட்டிருக்கு. துரை மூணு பேரை விசாரிச்சாராம். மூணு பேரும் ஆமான்னாங்களாம். அதுல ஒருத்தர் உன் வீட்டுக்காரரு."

"சித்தமா? எப்பக் கேட்டாரு? சுதிகெட்டவளான்னுதானே கேட்டாரு? சுதி, அக்கா! சுதி! எனக்குப் பாட வராது!"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. நிறுத்த முடியவில்லை. மடித்த துணிமேல் விழுந்து சிரித்தாள், கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். வேலையாட்கள் இரண்டு பேர் ஓடி வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். நவமணி அவர்களை விலக்கிவிட்டு, அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "சிரிக்காத, வீரம்மா. இந்த இடத்துல சிரிக்காத" என்றாள்.

அந்த வாரமே நவமணி அவளை டாக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். டாக்டர் வயசான வெள்ளைக்காரர், வீட்டில் பியானோ வாசிப்பவர். நவமணி இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லத் தொடங்கி, பாட்டு, ஒலி, சேராமை என்று எங்கெல்லாமோ சுற்றினாள். அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. கடைசியில் நவமணி, தேவாலயத்தில் பாடுகிற குரலில், ஒரே ஒலியாக "ஆ" என்று இழுத்தாள். "இதே மாதிரி நீ இழு."

வீரம்மா இழுத்தாள். அது வேறு எங்கோ போனது. நவமணி மறுபடி இழுத்தாள், வீரம்மாவும் இழுத்தாள். மூன்றாவது முறை டாக்டர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். புளியங்காயைக் கடித்தவர் போல அவர் கண் சுருங்கியது. முழுசாக ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்.

ஆஸ்பத்திரிச் சேலையோடு, கட்டையாக வெட்டிய தலைமுடியோடு, வீரம்மா நின்று பாடினாள். நிரையில் பாடுகிற பாட்டுதான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் குரல் அறைச் சுவரில் பட்டுத் திரும்பி வருவதை அன்றைக்குத்தான் அவள் கேட்டாள். சித்தம் தெளிவானவள் என்று காட்டுவதற்கு மோசமாகப் பாட வேண்டியிருந்தது. அதைக்கூட வேண்டுமென்று செய்ய அவளால் முடியவில்லை, தானாகத்தான் வந்தது. நடுவில் அழுகை முட்டியது. அழுதால் அதையும் எழுதிவிடுவார்களோ என்று பயந்து விழுங்கிக்கொண்டு கடைசி அடிவரை பாடி முடித்தாள்.

டாக்டர் அவளுடைய ஏட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு நவமணி மூலம் கேட்டார்: "அந்தத் தண்ணீர் விஷயம் என்ன?"

வீரம்மா வாயைத் திறக்கவில்லை. தண்ணீரைப் பற்றிப் பேசினால் இங்கே என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

"சொல்லு" என்றாள் நவமணி. "இப்பச் சொல்லலாம்."

மெதுவாக, கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாக்டர் எழுதினார். இந்த முறை அவள் அந்தப் பென்சிலை நம்பவில்லை.

வெளியே விடச் சம்மதித்தாலும், வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப்போக ஒருவர் வேண்டும் என்றார்கள். பிச்சைமுத்துவுக்கு இரண்டு கடிதம் போனது. பதில் இல்லை. தோட்டத்துக்குப் போன கடிதத்துக்கு, வீரம்மா என்ற பெயரில் இப்போது தோட்டத்தில் ஆள் இல்லை என்று பதில் வந்தது. ஆஸ்பத்திரிக்கு மளிகை கொண்டுவரும் பக்கீர் முகம்மது என்ற ஈப்போ வியாபாரியிடம் நவமணி கேட்டுப் பார்த்தாள். அவர் வீட்டில் மனைவி சக்கீனாவிடம் கேட்டுச் சொல்வதாகப் போனார். மறுவாரம் சக்கீனாவே வந்தாள். வீரம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மொளகா இடிப்பியா?" என்றாள். அவ்வளவுதான் விசாரணை. 1926 பங்குனியில், உள்ளே போன பதினோராம் மாசம், வீரம்மா அந்தக் கதவைத் தாண்டி வெளியே வந்தாள்.

இரண்டு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தோட்டத்துக்குப் போனாள். பள்ளத்து லயத்தின் நடுவில் ஒரு குழாய் நின்றது. மேட்டு ஊற்றிலிருந்து இழுத்திருந்தார்கள். சுகாதார ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து அளந்து போனார்களாம், அப்புறம் குழாய் வந்ததாம். "பெரிய தொரை புண்ணியம்" என்றாள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு புதுப் பெண். வீரம்மா யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. மங்களத்துக்குத் தெரிந்தது. வீரம்மாவைப் பார்த்ததும் அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வீரம்மா கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. கூப்பிடாமல் நகர்ந்தாள்.

பிச்சைமுத்து வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை அவனுக்கு.

"வந்திட்டியா" என்றான். கொஞ்சம் கழித்து, "கடுதாசி வந்துச்சு. கிராணிகிட்டதான் படிக்கக் குடுத்தேன். ஒண்ணுமில்ல போன்னாரு" என்றான்.

"ம்."

"வீரம்மா, நான் பொய் சொல்லலியே. சுதிகெட்டவளான்னு கேட்டாரு. ஆமான்னேன். அதுக்கு அப்படி ஒரு அர்த்தம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அவரு கேட்டப்ப நீ கிராணி மூஞ்சியப் பாத்தே. அப்புறம் என் மூஞ்சியப் பாத்தே. பாட்டைப் பத்திக் கேக்கலன்னு உனக்குத் தெரிஞ்சுது."

அவன் வாசலில் கிடந்த ஒரு ரப்பர் கொட்டையை எடுத்து விரலில் உருட்டினான்.

"பொய் சொல்லியிருக்கலாம் நீ. 'இல்லீங்க தொரை, நல்லா பாடுவா'ன்னு ஒரு பொய்." அவள் குரல் ஏறவில்லை. இப்போதெல்லாம் ஏறுவதில்லை. "பெட்டியில என் துணி இருக்கா?"

இருந்தது. எடுத்துக்கொண்டு அவள் லகாட் பாதையில் இறங்கினாள். "வீட்டுக்கு வா, வீரம்மா" என்று அவன் பின்னாலேயே வந்து கூப்பிட்டான். தோட்டத்து எல்லைவரை வந்தான். அதற்கு மேல் வரவில்லை. அந்த வருஷக் கடைசியில் பாரிட் புந்தார் பக்கம் வாய்க்கால் வெட்டும் வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டாள்.

ஈப்போவில் வீரம்மா மிளகாய் இடித்தாள், மல்லி வறுத்தாள், பிறகு சக்கீனாவோடு சேர்ந்து மசாலைக்கு அளவு சொல்லவும் கற்றுக்கொண்டாள். ஒரு பழக்கம் மட்டும் அவளிடம் ஒட்டிக்கொண்டது. யார் எதைக் கேட்டாலும் உடனே ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லமாட்டாள். "எதுக்குக் கேக்குறீங்க?" என்பாள். அல்லது, "என்ன அர்த்தத்துல கேக்குறீங்க?" கடைக்கு வருகிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். மிளகாய் காரமா என்று கேட்டவரிடம்கூட அவள் அப்படிக் கேட்டிருக்கிறாள்.

"ஒரு வார்த்த ஆமான்னு சொன்னா என்னம்மா கொறஞ்சு போவுது?" என்று பக்கீர் முகம்மது ஒரு முறை கேட்டார்.

வீரம்மா உரலிலிருந்து தலை தூக்கி அவரைப் பார்த்தாள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, உலக்கையை எடுத்து, மறுபடி இடிக்கத் தொடங்கினாள்.